மூன்று இலை போதும்: ஷாம்ராக்கையும் ஐரிஷ் நாட்டுப்புறக் கதைகளையும் வைத்து வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருஷங்களுக்கு முன்னால் மார்ச் 17-க்காக, அதாவது புனித பேட்ரிக் தினத்துக்காக, ஒரு போஸ்டர் செய்து கொடுத்தேன். கேட்டவர் டப்ளின்காரர். பச்சைப் பின்னணி, தங்க எழுத்து, நட்ட நடுவில் பெரிதாக ஒரு நாலு இலைக் கொத்து. இரண்டு ராத்திரி கண்விழித்த வேலை. காலையில் பதில் வந்திருந்தது: "நன்றாக இருக்கிறது. ஒரு இலையை மட்டும் பறித்துவிட முடியுமா?"

க்ளோவர் என்பது புல்வெளியில் முளைக்கும் ஒரு மூவிலைச் செடி. அதில் நாலு இலை க்ளோவர் அதிர்ஷ்டச் சின்னம். அபூர்வமாக அப்படி ஒன்று முளைக்கும், கண்டெடுத்தவருக்கு யோகம் என்பார்கள். ஷாம்ராக் வேறு. அது அயர்லாந்தின் சின்னம். அதற்கு இலை மூன்றுதான். இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்துகட்டி வந்து விழும். முதலில் விழுந்த படத்தைப் பார்த்துப் போட்டவன் நான். அந்த ஒரு இலையைப் பறிக்கப் போனதில்தான் செடி, கதை, பழைய ஏடு என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தது.

ஓவியமோ டிசைனோ எம்ப்ராய்டரியோ செய்கிறவர்களுக்காக, நான் வேலை செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரு நோட்டு, பென்சில், காம்பஸ், கட்டம் போட்ட தாள் இருந்தால் போதும். கம்ப்யூட்டர் பிறகு.

படி 1: செடியை உட்கார்ந்து பாருங்கள்

ஷாம்ராக் என்ற பெயரில் தாவரவியலில் தனியாக ஒரு செடி கிடையாது. ஐரிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'குட்டி க்ளோவர்' என்றுதான் பொருள். எந்த க்ளோவர் என்று கேட்டால் ஆளுக்கொன்று காட்டுவார்கள். இதற்கு ஒரு முடிவு கட்ட நத்தானியல் கோல்கன் என்ற இயற்கை ஆர்வலர் 1890களில் ஒரு காரியம் செய்தார். அயர்லாந்தின் பல ஊர்க்காரர்களிடம் "நீங்கள் ஷாம்ராக் என்று சொல்வதை வேரோடு அனுப்புங்கள்" என்று கேட்டு, வந்ததையெல்லாம் நட்டு வளர்த்து, பூக்கிற வரை காத்திருந்து அடையாளம் கண்டார். 1988-இல் தாவரவியலாளர் சார்ல்ஸ் நெல்சன் அதே சோதனையைத் திரும்பச் செய்தார். நூறு ஆண்டு இடைவெளியிலும் விடை பெரிதாக மாறவில்லை. முதலிடம் மஞ்சள் பூப் பூக்கும் சிறு க்ளோவருக்கு, ஏறக்குறைய பாதிப் பேர் அனுப்பியது அதைத்தான். அடுத்தது வெள்ளை க்ளோவர், சுமார் மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் சிவப்பு க்ளோவர், பிளாக் மெடிக், ஆக்ஸாலிஸ்.

வரைகிறவருக்கு இது முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் முகம் வேறு.

மஞ்சள் பூ க்ளோவரின் சிற்றிலை முட்டை வடிவம். அகன்ற பக்கம் வெளியே, கூர்ந்த பக்கம் காம்பை நோக்கி. நடு இலைக்கு மட்டும் கொசுறாக ஒரு குட்டிக் காம்பு இருப்பதால் அது மற்ற இரண்டையும்விட ஒரு நூல் முன்னே துருத்தி நிற்கும். பிளாக் மெடிக்கில் ஒவ்வொரு இலை நுனியிலும் மயிரிழை போல ஒரு முள்நுனி. வெள்ளை க்ளோவரில் ஒவ்வொரு இலையின் குறுக்கேயும் வெளிறிய 'வி' கோடு ஒன்று ஓடும். மூன்று இலையையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மூன்று கோடும் மையத்தைச் சுற்றி ஓர் உடைந்த வளையம் போடும். இலை வடிவத்தை விட்டுவிட்டு அந்த வளையத்தை மட்டும் எடுத்து நான் ஒரு துணி பார்டரே செய்திருக்கிறேன்.

வாழ்த்து அட்டைகளில் வரும் மூன்று இதயங்கள் இருக்கிறதே, அது இவற்றில் எதுவும் இல்லை. நுனியில் ஆழமாகப் பிளந்த இதய வடிவ இலை ஆக்ஸாலிஸுக்கு உரியது. நம் ஊர்த் தொட்டியிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும் புளியாரை அந்தக் குடும்பம்தான். கிள்ளி வாயில் போட்டால் புளிக்குமே, அதே செடி. ஆகவே இதய வடிவத்தில் வரைய ஆசைப்பட்டால் மாடலுக்கு அயர்லாந்து போக வேண்டியதில்லை. உண்மையான க்ளோவர் வேண்டுமானால் நீலகிரிப் புல்வெளிகளில் வெள்ளை க்ளோவர் கிடைக்கும். சமவெளியில் இருப்பவர்கள் மாட்டுத் தீவனமாகப் போடும் குதிரை மசாலை எடுத்துக்கொள்ளலாம், அதுவும் மூவிலைச் செடி, பிளாக் மெடிக்கின் சொந்தக்காரன்.

சாயங்காலமும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். இருட்டியதும் க்ளோவர் தூங்கும். பக்கத்து இலைகள் இரண்டும் எழுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, நடு இலை அவற்றின் மேல் கூரை போலக் கவிழும். புளியாரை இதற்கு நேர்மாறு, குடை மடக்கியது போல மூன்றும் கீழே தொங்கிவிடும். மூடிய ஷாம்ராக்கை யாரும் வரைவதில்லை. குழந்தைகள் அறைச் சுவருக்கோ இரவுக் காட்சிக்கோ இதைவிட நல்ல உருவம் எனக்குத் தெரியவில்லை.

படி 2: ஓர் இலை, மூன்று தடவை

தாளின் நடுவில் ஒரு புள்ளி. அதை மையமாக வைத்து 4 செ.மீ. ஆரத்தில் வட்டம். காம்பஸ் அளவை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே குத்திக் குத்திச் சென்றால் ஆறு அடையாளம் விழும். ஒன்று விட்டு ஒன்றாக மூன்றை மட்டும் மையத்தோடு சேருங்கள். மூன்று கோடும் 120 பாகை இடைவெளியில் நிற்கும்.

ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு சிற்றிலை. நீளம் 4, அகலம் 3 முதல் 3.5 வரை, மிக அகன்ற இடம் மையத்திலிருந்து 2.5 செ.மீ. தள்ளி. அங்கிருந்து உள்நோக்கி ஆப்பு போலக் குறுகி வர வேண்டும். வெளி விளிம்பை உருண்டையாக முடித்து நடுவில் நகம் பட்டது போல ஒரு சின்னப் பள்ளம் மட்டும் வையுங்கள். பள்ளத்தை ஆழப்படுத்திய நிமிஷம் அது புளியாரை ஆகிவிடும்.

நடு நரம்பு நேராக; கிளை நரம்புகள் அதிலிருந்து சாய்வாகப் புறப்பட்டு விளிம்பு வரை ஓடும், ஒன்றுக்கொன்று இணையாக. காம்பு மெலிசாக இருக்கட்டும். கொழுத்த, வளைந்த காம்பைப் போட்டால் சீட்டுக்கட்டு க்ளாவர் ஞாபகம் வரும்.

கம்ப்யூட்டரில் செய்வதென்றால் அரை இலையை மட்டும் வரைந்து, கண்ணாடி போலத் திருப்பி ஒட்டி, முழு இலையை மையத்தைச் சுற்றி 120 பாகை இரண்டு தடவை சுழற்றினால் வேலை முடிந்தது. முடிந்ததும் அதைக் கொஞ்சம் கெடுங்கள். முழு உருவத்தையும் பத்துப் பதினைந்து பாகை சாய்த்து, நடு இலையை ஒரு துளி நீட்டுங்கள். அச்சு அசலாக ஒழுங்கான ஷாம்ராக் மருந்துக்கடை முத்திரை போலத் தெரியும்.

கடைசியாக 16 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். நரம்பெல்லாம் காணாமல் போகும். இலைகளுக்கு நடுவே இருக்கும் 'வி' வடிவ வெற்றிடம் மட்டும் நிற்கும். அந்த வெற்றிடம் தெளிவாகத் தெரிந்தால் லோகோ தேறும்.

படி 3: சின்னத்தின் ஜாதகம்

எல்லோருக்கும் தெரிந்த கதை இது: 5-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் பரப்ப வந்த புனித பேட்ரிக், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மும்மையை விளக்க ஒரு ஷாம்ராக்கைப் பறித்துக் காட்டினார். பேட்ரிக் தம் கைப்பட எழுதியவை என்று ஏற்கப்படும் இரண்டு லத்தீன் எழுத்துகள் இருக்கின்றன. இரண்டிலும் ஷாம்ராக் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மூவிலையை ஏந்திய பேட்ரிக்கின் உருவம் 1670களின் செப்புக் காசுகளில் தென்படுகிறது. 1681-இல் ஒரு பயணி, அந்தத் திருநாளில் மக்கள் ஷாம்ராக் அணிந்ததை எழுதிவைத்தார். மும்மையை விளக்கிய கதை அச்சில் ஏறியது 1726-இல், கேலப் திரெல்கெல்ட் வெளியிட்ட ஒரு தாவர நூலில்.

அதற்கும் முன்னால் இதே இலை வேறு ஒரு காரணத்துக்காக எழுத்தில் வருகிறது. 1590களில் மன்ஸ்டர் பகுதிப் போரையும் பஞ்சத்தையும் விவரித்த ஓர் ஆங்கிலேயர், பட்டினி கிடந்தவர்கள் ஷாம்ராக் கண்ட இடத்தில் விருந்து கண்டது போலக் கூடினார்கள் என்கிறார். குதூகலப் பச்சையாகவே இந்த இலையை வரைந்து பழகியவர்கள் இதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அரசியல். 1790களில் பிரிட்டனை எதிர்த்த 'ஐக்கிய ஐரிஷ்காரர்கள்' இயக்கத்துக்குப் பச்சை நிறம் அடையாளமானது. 1801-இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டபின் இங்கிலாந்தின் ரோஜா, ஸ்காட்லாந்தின் முட்செடி இரண்டோடும் ஷாம்ராக் அரச முத்திரைகளில் போய் உட்கார்ந்தது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போரில் ஐரிஷ் வீரர்கள் காட்டிய வீரத்துக்காக, 1900-இல் விக்டோரியா ராணி அவர்கள் மார்ச் 17 அன்று தொப்பியில் ஷாம்ராக் செருகிக்கொள்ள அனுமதித்தார். எதிர்த்தவரும் அணிந்தார், ஆட்சி செய்தவரும் அணிவித்தார். ஒரு பழைய காசின் மேலோ கல்லறையின் மேலோ இதைப் பார்த்து நகலெடுக்கும்போது, அதை வைத்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

படி 4: பச்சையைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள்

பேட்ரிக்கோடு சேர்த்துப் பேசப்பட்ட நிறங்களில் நீலமும் உண்டு. 1783-இல் பிரிட்டிஷ் அரசு ஏற்படுத்திய புனித பேட்ரிக் வீர விருதின் நாடா வானநீலம். இன்றைக்கும் அயர்லாந்து ஜனாதிபதியின் கொடி நீலப் பின்னணியில் தங்க ஹார்ப், நம் யாழ் போன்ற நரம்பு வாத்தியம். எனவே ஒரு பேட்ரிக் தின வேலைக்கு நீலத்தை அடித்தளமாகப் போட்டுப் பச்சையைத் துளியாக வைத்தால் வரலாறு உங்கள் பக்கம் நிற்கும். பக்கத்துக் கடை போஸ்டரிலிருந்தும் தனியாகத் தெரியும்.

எனக்குப் பிடித்த வண்ணத் தட்டு கெல்ஸ் ஏட்டிலிருந்து வருவது. கி.பி. 800 வாக்கில் கன்றுத்தோலில் எழுதி வரைந்த நற்செய்தி ஏடு அது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது, அதில் 340 தோல் தாள்கள் மிஞ்சியிருக்கின்றன, பக்கங்களை இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். அதன் வண்ணங்களுக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது என்பதைக் கண்டபோது எனக்குச் சின்ன சந்தோஷம். பளபளக்கும் மஞ்சள், அரிதாரம். ஆரஞ்சு கலந்த சிவப்பு, ஈயச் செந்தூரம். பச்சை, செம்பில் பிடிக்கும் களிம்பு. நீலம் வோட் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து. நம் அவுரியில் இருக்கும் அதே சாயப்பொருள். எழுத்துக்குப் பழுப்புக் கறுப்பு மை, மாசிக்காயும் அன்னபேதியும் சேரும் அதே வித்தை. (அரிதாரத்தில் ஆர்சனிக், செந்தூரத்தில் ஈயம். அசலைத் தேடி நாட்டு மருந்துக் கடைக்குப் போகாமல் கௌவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) டியூபில் பக்கமான நிறத்தை வாங்குங்கள்.)

இந்த ஐந்தையும் யானைத் தந்த நிறத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். பச்சையை அடுத்து மஞ்சளும் செந்தூரமும் வரும்போது பச்சை தானாகப் பழசாகி, கல்லில் பிடித்த பாசி போல அடங்கிவிடும்.

படி 5: ஒரே ஒரு கதை எடுங்கள்

'ஐரிஷ் நாட்டுப்புறக் கதை' என்று மொத்தமாக வரையப் போனால் தொப்பி, தங்கக் குடம், வானவில் மூன்றும் வந்து நிற்கும். ஒரு கதையை மட்டும் எடுங்கள். எங்கே எடுப்பது? 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் 26 கவுன்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) சுமார் 50,000 பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வீட்டு, பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவந்த கதை, வைத்தியம், விளையாட்டு எல்லாம் டூகாஸ் என்ற இணையதளத்தில் கையெழுத்துப் பக்கங்களாகவே கிடக்கின்றன. ஆங்கிலத்திலும் நிறைய உண்டு. ஊர் வாரியாகத் தேடலாம். பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதிய அரைப் பக்கம், எந்தத் தொகுப்பு நூலையும்விட எனக்கு உதவியிருக்கிறது. அதில் வேலி, மாடு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயர் எல்லாம் இருக்கும்.

எடுத்த கதையில் மூன்றைத் தேடிக் குறிக்கிறேன்: இடம் எது, என்ன செய்யக்கூடாது, என்ன சத்தம் கேட்கிறது. இந்தக் கதைகளில் பெரும்பாலானவை 'செய்யாதே' என்ற ஒரு சொல்லைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அதைப் பிடித்தால் படம் பாதி முடிந்தது.

தனித்து நிற்கும் ஹாதார்ன் என்ற முள்மரத்தை வெட்டாதே. அது தேவதைகளின் மரம். வயல் நடுவில் ஒற்றையாக நிற்க, டிராக்டர் அதைச் சுற்றி வளைந்து உழுதிருக்கும். 1999-இல் கிளேர் கவுன்டியின் லட்டூனில் புதுச் சாலைக்கு நடுவே அப்படி ஒரு மரம் வந்தபோது கதைசொல்லி எடி லெனிஹன் எதிர்த்துக் கிளம்பினார், மரம் தப்பியது. இதை வரைவதற்குத் தேவதை தேவையே இல்லை. மேலிருந்து பார்த்த ஒரு வயல், இணையான உழவுச் சால்கள், ஓரிடத்தில் மட்டும் அவை விலகி ஒரு கண் போலத் திறக்கின்றன, நடுவில் சின்னதாக ஒரு மரம். லினோகட்டுக்கென்றே, அதாவது லினோலியத் தகட்டைச் செதுக்கி அச்சிடும் முறைக்கென்றே, பிறந்த காட்சி. சால்களைச் செதுக்கும் உளியே கதையைச் சொல்லிவிடும்.

கீழே கிடக்கும் சீப்பை எடுக்காதே. பன்ஷீ நீண்ட கூந்தலைச் சீவிக்கொண்டு, பழைய குடும்பங்களில் சாவு விழப்போவதை ஒப்பாரியால் முன்கூட்டிச் சொல்பவள். சீப்பு அவளுடையதாக இருக்கலாம். அலறும் பேய் முகம் வரைந்து அலுத்துவிட்டது ஐயா. ஈரத் தரையில் ஒரு சீப்பு, அதில் சிக்கிய நரைமுடி ஒன்று, போதும்.

நவம்பர் பிறந்தபின் ப்ளாக்பெர்ரி பறிக்காதே, பூக்கா அதன் மேல் துப்பிவிட்டுப் போயிருக்கும். பூக்கா உருமாறும் ஜந்து. பெரும்பாலும் கறுப்புக் குதிரை. பழம் அழுகும் பருவத்துக்கு ஊர் வைத்த காரணம் இது. முள்செடிக் கொடியின் நிழல் குதிரைப் பிடரியாகத் தெரிகிற மாதிரி ஒரு டிசைன் என் நோட்டில் ரொம்ப நாளாகக் கிடக்கிறது. யாராவது முடித்துக்கொள்ளுங்கள்.

லிரின் பிள்ளைகள் கதை கொஞ்சம் பெரியது. மாற்றாந்தாய் ஈஃபா நாலு பிள்ளைகளை அன்னமாக்கிவிடுகிறாள். மூன்று இடங்களில் முந்நூறு முந்நூறாகத் தொள்ளாயிரம் ஆண்டு: முதலில் டெரவராக் ஏரி, பிறகு அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே மொயில் கடல், கடைசியில் மேற்குக் கரை இனிஷ்குளோரா. டப்ளின் நினைவுப் பூங்காவில் ஓசின் கெல்லி 1971-இல் வைத்த வெண்கலச் சிலை, அவர்கள் உருமாறும் கணத்தைக் காட்டுகிறது. எனக்குப் பிடித்தது நடு இடம். உறைபனி இரவில் அக்கா ஃபின்னூலா ஒரு பாறையின் மேல், தம்பிகளில் இருவரை ஆளுக்கொரு சிறகின் கீழும் ஒருவனை மார்பு இறகுக்குள்ளும் அணைத்துக்கொள்கிறாள். நாலு பறவை, ஆனால் வெளிக்கோடு ஒன்றே. ஒற்றை வெள்ளை வடிவத்தை வெட்டி ஒட்டி, அதற்குள் நாலு அலகை மட்டும் கறுப்பால் தொட்டு வையுங்கள். இரண்டு தடவை எண்ணிப் பார்க்க வைக்கும்.

குள்ள மாய மனிதன் லெப்ரகானைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அவன்தான் அதிகம் அடிபட்டவன். மிகப் பழைய குறிப்பில் அவன் இனத்தார் நீர்க்குறளர்கள். அல்ஸ்டர் அரசன் ஃபெர்கஸ் மக் லேட்டி கடற்கரையில் தூங்கும்போது அவனைக் கடலுக்குள் தூக்கிப் போகிறார்கள். கால் குளிர்ந்த நீரில் பட்டதும் விழித்துக்கொள்ளும் அரசன் மூன்று பேரைக் கையில் பிடித்துவிடுகிறான். விட்டால் வரம். அவன் கேட்டது நீருக்கடியில் நீந்தும் வித்தை. செருப்புத் தைப்பவனாக, தங்கத்தை ஒளித்தவனாக அவன் மாறியது பின்னால். 19-ஆம் நூற்றாண்டில் அவனை விவரித்தவர்கள் போட்டுவிட்டது சிவப்புக் கோட்டு. பச்சைக் கோட்டு பிறகு வந்த வியாபாரம். அதே நூற்றாண்டில் லண்டன் கேலிப் பத்திரிகைகள் ஐரிஷ்காரர்களைக் குரங்கு முகமும் குடிவெறியுமாக வரைந்து தள்ளின. தள்ளாடும், பல் இளிக்கும் லெப்ரகானில் அந்தக் கேலியின் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிவப்புக் கோட்டில், குனிந்து, ஒற்றைச் செருப்பைத் தைக்கிற கிழவனாக வரைந்தால் அவன் மறுபடியும் ஒரு தொழிலாளி ஆகிவிடுவான்.

படி 6: முடிச்சுப் பின்னல்

சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது பாதி வழி தெரிந்த ஊர். கோலத்தில் கம்பி புள்ளியைச் சுற்றி ஓடும். கெல்ஸ் ஏட்டில் வருகிற மாதிரி பின்னலைக் கட்டும்போது கம்பி புள்ளியின் மேலேயே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். இரண்டும் தனித்தனியாக வளர்ந்த கலைகள். கணக்கு மட்டும் ஒன்று.

கட்டத் தாளில் 6 கட்டம் அகலம், 4 கட்டம் உயரத்தில் ஒரு செவ்வகம். இடது கீழ் மூலையைப் பூஜ்யம் என்று வைத்து, வலப்புறம் எண்ணியதும் மேலே எண்ணியதும் கூட்டினால் ஒற்றைப்படை வரும் சந்திகளில் எல்லாம் புள்ளி வையுங்கள். உள்ளே 7 புள்ளி, விளிம்பில் 10 புள்ளி வர வேண்டும். மூலைகள் நான்கும் காலி. இப்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைச் சாய்வாக, கட்டத்தின் மூலைவிட்டமாகச் சேருங்கள். விளிம்பைத் தொட்ட கோடு பந்து போலத் திரும்பி வரும். விரலால் தொடர்ந்து போனால் எங்கும் எடுக்காமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள்: ஒரே கம்பி. 8-க்கு 4 போட்டிருந்தால் இரண்டு கம்பியாகப் பிரிந்திருக்கும். அகலம், உயரம் இரண்டையும் பாதியாக்கி, இரண்டுக்கும் பொதுவான மிகப்பெரிய வகுக்கும் எண்ணைக் கண்டுபிடித்தால் அதுவே கம்பிகளின் எண்ணிக்கை.

இது வெறும் பாய்ப்பின்னல். ஏட்டில் பார்க்கும் அழகு, உடைப்பதில் வருகிறது. உள்ளே ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதன் மேல் குறுக்கே சிறு சுவர் ஒன்று எழுப்புங்கள், படுக்கையாகவோ நிமிர்ந்தோ. அந்த இடத்தில் கோடுகள் வெட்டாமல் சுவரில் பட்டு வளையும். எத்தனை சுவர், எங்கே என்பதுதான் மொத்த டிசைனும். ஒரு சுவர் போட்டதும் கம்பி எண்ணிக்கை மாறக்கூடும், ஆகவே ஒவ்வொரு தடவையும் விரலால் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு கோட்டை இரட்டையாக்கி நாடா போல அகலப்படுத்தி, ஏதாவது ஓர் இடத்திலிருந்து புறப்பட்டு மேலே, கீழே, மேலே, கீழே என்று சந்திகளைக் கடந்து வாருங்கள். இந்த வரிசை எங்குமே தப்பாது. தப்பினால் நடுவில் எங்கோ ஒரு சந்தியை விட்டுவிட்டீர்கள். நான் வழக்கமாக விடுவது மூலைக்குப் பக்கத்துச் சந்தியை.

ஒரு எச்சரிக்கை. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் என்ற இடத்தில் இருக்கும் மூன்று சுருள் சின்னத்தைக் 'கெல்டிக்' என்று எழுதாத இடமில்லை. அந்தக் கல்லறை மேடு சுமார் கி.மு. 3200-இல் கட்டியது, கெல்டிக் மொழிகள் (ஐரிஷ் அந்தக் குடும்பம்) அந்தத் தீவுக்கு வருவதற்கு வெகு காலம் முன். சுருளையும் முடிச்சையும் ஒரே படத்தில் வைப்பது குற்றமில்லை. நடுவே நாலாயிரம் ஆண்டு இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள்.

படி 7: எழுத்து

'கெல்டிக் ஃபான்ட்' என்று இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றில் ஐரிஷ் மொழிக்கு வேண்டிய குறிகள் இருக்காது. உயிரெழுத்து மேல் சாய்கோடும், பழைய முறையானால் மெய்யெழுத்து மேல் ஒரு புள்ளியும் வேண்டும். நம் 'க்' மாதிரி. அந்தப் புள்ளியைத் தூசி என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். தமிழ் எழுத்தைக் கொண்டுபோய் அந்தச் சாயலில் வளைத்த முயற்சிகளைப் பார்த்திருக்கிறேன். எழுத்தும் வாசிக்க வரவில்லை, அயர்லாந்தும் தெரியவில்லை.

ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்துமுறை வேறு வகை. கல்லின் ஒரு விளிம்பை நடுக்கோடாக வைத்து அதன் இருபுறமும் கீறிய கோடுகள். அடிப்படை எழுத்து 20. நானூறு கல் வரை கிடைத்திருக்கின்றன, தெற்கே கெர்ரி, கார்க் பக்கம் அதிகம். பெரும்பாலும் 'இன்னார் மகன் இன்னார்' என்ற பெயர்கள். வழக்கமாகக் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். பச்சை குத்தப் போகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது குத்துபவரிடம் காட்டுங்கள்.

படி 8: நூலில்

காகிதத்தோடு நிறுத்த மனமில்லாதவர்களுக்கு ஐரிஷ் குரோஷே, கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்தக் காலத்தில் கார்க்கிலும், மோனகன் கவுன்டியின் க்ளோன்ஸிலும் பெண்கள் இந்த லேஸைப் பின்னி விற்றுக் குடும்பம் காப்பாற்றினார்கள். ரோஜா, திராட்சை, ஷாம்ராக் இவையே அதன் வழக்கமான பூக்கள்.

மற்ற குரோஷே போல வரிசை வரிசையாகப் போகாது இது. ஒவ்வொரு பூவும் இலையும் தனித்தனி. தடித்த நூலைச் சரடாக வளைத்து வைத்து, அதை மூடியபடியே மெல்லிய பருத்தி நூலால் பின்னினால் விளிம்பு கயிறு போலப் புடைத்து நிற்கும். மூன்று வளையம், ஒரு காம்பு, ஷாம்ராக் ரெடி. இப்படிச் சேர்ந்த உருவங்களைக் கவிழ்த்து, டிசைன் வரைந்த துணி மேல் நூலோட்டித் தைத்து, இடைவெளிகளைக் குட்டி முடிச்சு வைத்த வலையால் நிரப்ப வேண்டும். அந்த முடிச்சுக்கு க்ளோன்ஸ் முடிச்சு என்றே பெயர். எல்லாம் முடிந்தபின் நூலோட்டத்தை வெட்டினால் துணி தனியாகக் கழன்று வரும், லேஸ் மட்டும் கையில் நிற்கும். முதல் தடவை வெட்டும்போது கத்தரிக்கோலை எங்கே வைக்கிறோம் என்று ரொம்ப கவனமாக இருங்கள். நான் ஒரு இலையின் காம்பையும் சேர்த்து வெட்டினேன்.

படி 9: அனுப்புவதற்கு முன்

ஷாம்ராக்கைப் பொதுவாக யாரும் வரையலாம். ஆனால் அயர்லாந்து அரசு அதைத் தன் சின்னங்களில் ஒன்றாகச் சர்வதேச அளவில் பதிந்து வைத்திருக்கிறது, ஏர் லிங்கஸ் விமான வாலிலும் ஒன்று பறக்கிறது. பொருளுக்கு லோகோவாகப் போகிறதென்றால் வணிக முத்திரைப் பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள். கெல்ஸ் ஏட்டின் புகைப்படத்தை அப்படியே அச்சடிப்பதற்கும் கல்லூரியின் அனுமதி வேண்டும். பார்த்துக் கற்றுக்கொண்டு கையால் வரைவதற்கு வேண்டாம்.

ஹார்ப் போடுகிறீர்களா? நாட்டின் அதிகாரபூர்வச் சின்னம் ஹார்ப்தான், ஷாம்ராக் இல்லை. கின்னஸ் பீர் கம்பெனி ஒரு ஹார்ப்பை 1876-இலேயே பதிந்துவிட்டதால், அரசின் ஹார்ப் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கிறது. படத்தை இடவலமாகத் திருப்பும் பழக்கம் உள்ளவர்கள், அரசாங்கத்தைப் பீர் கம்பெனியாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 17 மட்டும்தான் தேதி என்றும் இல்லை. பிப்ரவரி 1 புனித பிரிஜிட் தினம். முதல் நாள் ராத்திரி கோரைப்புல்லை மடித்து மடித்து நாலு கை சிலுவை கட்டுவார்கள். 2023 முதல் அதற்கு அரசு விடுமுறையும் உண்டு. போட்டி குறைந்த தேதி, வடிவமும் எளிது.

பேட்ரிக்கைச் சுருக்கும்போது ஆங்கிலத்தில் 'டி' ஓசை மென்மையாக வர வேண்டும் (Paddy, Patty இல்லை). வல்லோசை போட்டால் அது பெண் பெயர், ஐரிஷ்காரர்கள் ஒவ்வொரு மார்ச் மாதமும் தலையில் அடித்துக்கொள்ளும் பிழை. தமிழில் எழுதுகிறவர்கள் சுருக்கவே வேண்டாம். சுருக்கினால் 'பேடி' என்று வந்து நிற்கும்.